பரிசோதனையில் தேறிய குசினி

நீ என் குசினியை இன்னொருவனுக்குக் கொடுத்தாய். என்னையே சமைக்க வைத்து, என்னையே பரிமாற வைத்து, என் வீட்டு வாசலில் நின்றுகொண்டே கொடுத்தாய். இதைச் சந்தேகத்தில் எழுதவில்லை, மகனே. நடந்ததை எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் வேலையாக இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறாய். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். பெண் வீட்டார் மாப்பிள்ளை அரசாங்க உத்தியோகம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தாலி கட்டிய பிறகு இதையெல்லாம் பேசினால் அந்தப் பெண்ணின் தலையிலும் சேர்ந்து விழும். அதனால் இப்போதே எழுதுகிறேன், நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை. அது உனக்காக இல்லை, அவளுக்காக.

உனக்கு அந்த அரசாங்கக் கந்தோரில் வேலை கிடைத்தபோது நான் யாரிடம் சொல்லாமல் விட்டேன்? உன் அப்பா நகரசபையில் தெருக் கூட்டியவர். நான் ஹேவாஹெட்டயில் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, கல்யாணத்தோடு கண்டிக்கு இறங்கியவள். அவர் இறந்த பிறகு பக்கத்து வீட்டுச் செல்வியைத் துணைக்கு வைத்துக்கொண்டு சோற்றுப் பார்சல் கட்டி, குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் இருக்கிற கடைகளுக்குக் கொடுத்து வருகிறேன். நம் இரண்டு குடும்பத்திலும் அரசாங்கக் கந்தோருக்குள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த முதல் ஆள் நீ. பதவியின் பெயர் பெறுகை உதவியாளர் என்றாய். அது என்ன வேலை என்று கேட்டேன். அரசாங்கத்துக்கு வேண்டியதை முறைப்படி வாங்குகிற வேலை என்றாய். "அப்ப சந்தைக்குப் போற வேலைதானே, அதுக்கா இவ்வளவு படிப்பு?" என்று செல்வி கேட்டாள். அவள் கிண்டல் செய்தாள் என்று உனக்குத் தெரியும், ஆனால் நீ சிரிக்கவில்லை. சோறு கட்டுகிற மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேருக்கும் விளக்கம் சொன்னாய். விலை எழுதிப் போடுகிற பெட்டிக்கு இரண்டு பூட்டு, சாவி இரண்டு பேரிடம் இருக்கும், திறக்கிறபோது விலை போட்டவர்கள் வந்து பார்க்கலாம், ஒவ்வொரு விலையையும் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக வாசிப்பார்கள் என்றாய். வெறும் அரிசி என்று எழுதினால் இருப்பதிலேயே மோசமான அரிசியைத்தான் கொண்டுவந்து இறக்குவான், எந்த அரிசி, எவ்வளவு குறுநொய் இருக்கலாம் என்று நாம்தான் எழுத வேண்டும் என்றாய்.

"சமைச்ச சாப்பாடு வாங்குறதா இருந்தா?" என்று நான் கேட்டேன்.

"அதுக்கு ஒரு குழு இருக்கும்மா. சமைக்கிற எடத்துக்கே நேராப் போய்ப் பாப்பாங்க. சாப்பிட்டும் பாப்பாங்க."

எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தோட்டத்தில் எங்களுக்குக் கொடுத்த மாவையும் அரிசியையும் யாரும் போய்ப் பார்த்ததில்லை. புழுவோடு வந்தால் புழுவோடு புடைத்தோம். இப்போது ஒரு குழு போய்ப் பார்க்கிறது, அந்தக் குழுவுக்குத் தாள் எடுத்து வைக்கிறவன் என் பிள்ளை. அதை நினைத்துக்கொண்டே எத்தனையோ நாள் பார்சல் கட்டியிருக்கிறேன். கடைக்காரர்களிடமும் சொன்னேன். அவர்களுக்கு அலுத்துப் போகும்வரை சொன்னேன்.

தோட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்குச் சமைத்த சாப்பாடு கொடுக்க உங்கள் கந்தோர் விலை கேட்டபோது, அதை எனக்குச் சொன்னதும் நீதான். அந்தப் பள்ளிக்கூடங்களில் ஒன்று நான் படித்தது. என் தம்பி மகள் தர்ஷினி இப்போது படிப்பது. நானும் செல்வியும் அந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு மட்டும் விலை போட்டால் என்ன என்று உன்னிடம் கேட்டேன். ஆசைப்பட்டுக் கேட்டேன், வெட்கப்பட்டும் கேட்டேன். நீ போனிலிருந்து தலையைத் தூக்காமல் ஒவ்வொன்றாகச் சொன்னாய். வங்கி உத்தரவாதம் வேண்டும், சொந்த வாகனம் வேண்டும், முன்பு அரசாங்கத்துக்குக் கொடுத்த அனுபவம் வேண்டும், ஒரு பள்ளிக்கூடத்துக்கு மட்டும் போட முடியாது, எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் போட வேண்டும். அதையெல்லாம் விதி என்று ஏற்றுக்கொண்டேன். கடைசியாக நீ சொன்னதுதான் எனக்கு உறைத்தது.

"எல்லாத்தையும் விடுங்கம்மா, நம்ம குசினியே தேறாது. செவுரெல்லாம் கரி. தரை பேந்துபோய்க் கெடக்கு. சன்னலுக்கு வலை இல்ல. குழு வாசலோட திரும்பிப் போயிரும்."

சரி என்று விட்டுவிட்டேன். தேறாத இடம் தேறாத இடம்தானே. அதற்குப் பிறகு நீ ஒரு மேசனைக் கூட்டிவந்து தரையைப் பூசினாய். சுவருக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்தாய். சன்னலுக்கு வலை போட்டாய். எதற்கு இவ்வளவு செலவு என்று கேட்டேன். பெண் வீட்டார் வந்து போகிற வீடு, அப்படியே விட முடியுமா என்றாய். நான் நம்பினேன். மகன் சம்பளம் எடுக்கத் தொடங்கியதும் அம்மாவின் குசினியை முதலில் கவனிக்கிறான் என்று, செல்வியிடம் இரண்டு தடவை சொன்னேன். அந்தப் பெயிண்ட் யார் பணத்தில் வந்தது என்று இப்போதும் எனக்குத் தெரியாது. கேட்கவும் பயமாக இருக்கிறது.

பிறகு ஒருநாள், உங்கள் பிரிவுக்குப் பொறுப்பான அதிகாரி, நீங்கள் சேர் என்று கூப்பிடுகிறவர், அவரும் இன்னும் இரண்டு பேரும் நம் வீட்டில் மத்தியானம் சாப்பிட ஆசைப்படுகிறார்கள் என்று வந்து சொன்னாய். என் கைருசியைப் பற்றி நீயே அவர்களிடம் சொல்லியிருக்கிறாயாம். எந்த அம்மா அதற்குக் குறுக்குக் கேள்வி கேட்பாள்? கடைகளுக்கு அன்று பார்சல் இல்லை என்று சொல்லிவிட்டேன். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, பலாப்பிஞ்சுக் கறி, வல்லாரைச் சம்பல், கோழிக் கறி என்று வைத்தேன். நீ தங்கியிருக்கிற அறையிலிருந்து காலையிலேயே ஒரு பையோடு வந்தாய். அதற்குள் தலைக்குப் போடுகிற பிளாஸ்டிக் தொப்பியும் கையுறையும் வெள்ளை ஏப்ரனும் இருந்தன. "யாருக்குடா ஆப்பரேஷன்?" என்று செல்வி கேட்டாள். சேர் சுத்தம் பார்க்கிற ஆள், ஒருநாள்தானே, போட்டுக்கொள்ளுங்கள் என்றாய். போட்டுக்கொண்டோம். கண்ணாடியில் பார்த்து இரண்டு பேரும் சிரித்தோம்.

அவர்கள் வரும் முன்பே கணேசன் முதலாளி வந்து நின்றார். கந்தோருக்குச் சாமான் கொடுக்கிறவர், சேருக்கு வேண்டியவர் என்று அறிமுகம் செய்தாய். அவரும் ஒரு ஏப்ரனைக் கட்டிக்கொண்டார். உதவிக்கு வந்தவர் என்று நினைத்து நான் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். சேர் வந்தார், போனில் படம் எடுக்கிற ஒருவர் வந்தார், சுகாதாரப் பக்கத்திலிருந்து ஒரு மிஸ் வந்தார். வாசலில் நின்று கும்பிட்டு அவர்களை உள்ளே அழைத்தது கணேசன். என் வீட்டு வாசலில். அந்த மிஸ் தண்ணீர்ப் பீப்பாயின் மூடியைத் திறந்து பார்த்தார். கழுவுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று வெளியே போய்ப் பார்த்தார். பெரிய இடத்துப் பெண்கள் இப்படித்தான் பார்ப்பார்கள் போல என்று நினைத்தேன். அவர் சிங்களத்தில் எதையோ கேட்கத் தொடங்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வேலை வந்தது. பப்படம் பொரிக்கச் சொன்னாய். பின்பக்கம் போய் வாழையிலை வெட்டச் சொன்னாய். கோழிக் கறியைச் சூடாக்கச் சொன்னாய். நாற்பது வருடமாகக் கண்டியில் இருக்கிற எனக்குச் சிங்களம் தெரியும் என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் என்னை ஒரு இடத்தில் நிற்க விடவில்லை.

சாப்பிடும்போது கணேசன் ஒரு கரண்டி பருப்பை எடுத்து வாயில் வைத்துப் பார்த்தார். "உப்பு கொஞ்சம் கொறையுது. நாளையிலருந்து கூட்டிப் போடுங்க" என்றார்.

"அப்ப நாளைக்கு நீங்களே வந்து போட்டுட்டுப் போங்க முதலாளி" என்றாள் செல்வி.

எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தார். வேலை செய்கிற பெண் முதலாளியோடு இவ்வளவு சகஜமாகப் பேசுகிறாளே, நல்ல இடம்தான் என்று அவர் நினைத்திருப்பார். நீயும் சிரித்தாய், ஆனால் உன் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. அடுப்புச் சூடு என்று நினைத்து, நீ தனியாக அடுப்படிக்கு வந்தபோது முந்தானையால் துடைத்துவிட்டேன். போகும்போது மிஸ் என் கையைப் பிடித்து, பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். உன்னையும் வரப்போகிற மருமகளையும் சொல்கிறார் என்று நினைத்து, கட்டாயம் பார்த்துக்கொள்கிறேன் மிஸ் என்றேன். அவர் சொன்னது தோட்டத்துப் பிள்ளைகளை. அந்த வாக்கை நான் கொடுத்துவிட்டேன், எதற்குக் கொடுக்கிறேன் என்று தெரியாமல்.

பள்ளிக்கூடம் தொடங்கியது, சாப்பாடும் போகத் தொடங்கியது. என் தம்பி மனைவி பாக்கியம் போனில் அழத் தொடங்கினாள். சோறு பீப்பாயில் வருகிறதாம். தலாத்துஓயாப் பக்கமாக அந்த வளைவெல்லாம் சுற்றி மலையேறி வந்து சேரும்போது புளித்த வாடை அடிக்கிறதாம். பருப்பில் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லையாம். பிள்ளைகள் வாங்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்துக்குக் கீழே நாய்களுக்குக் கொட்டுகிறார்களாம். தர்ஷினிக்கு வயிற்றோட்டம் வந்து தோட்டத்து ஆஸ்பத்திரியில் போட்டு எடுத்தார்கள். அவள் ஒருத்தி மட்டும் இல்லை. இதையெல்லாம் கேட்டு நான் பாக்கியத்துக்கு என்ன சொன்னேன் தெரியுமா? பயப்படாதே, அது என் மகன் வேலை செய்கிற கந்தோர், அங்கே எல்லாம் முறைப்படி பார்ப்பார்கள், தாய்மார் எல்லோரும் கையெழுத்து வைத்து எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுதிக் கொடுத்தார்கள். உனக்கும் சொன்னேன். நீ "பாக்கிறேம்மா" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

அந்த முறைப்பாட்டைப் பார்த்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் அந்த மிஸ் தனியாக நம் வீட்டுக்கு வந்தார். நானும் செல்வியும் பழைய கவுணோடு உட்கார்ந்து பார்சல் கட்டிக்கொண்டிருந்தோம். அவர் சுற்றிப் பார்த்தார். பெரிய பானைகள் எங்கே என்று கேட்டார். பள்ளிக்கூடச் சாப்பாடு போய்விட்டதா என்று கேட்டார். எந்தப் பள்ளிக்கூடம் என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவர், முதலாளி எங்கே என்றார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. தரை, பெயிண்ட், வலை, தொப்பி, பப்படம், எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது.

"இது கணேசனோட எடம்தானே?" என்று மிஸ் தமிழிலேயே கேட்டார். அவருக்கும் தமிழ் தெரிந்திருக்கிறது.

"ஆமா மிஸ்" என்றேன். "முதலாளி வெளியே போயிருக்காரு."

உன்னைக் காப்பாற்ற அதைச் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, ரோட்டில் ஓடுகிற பிள்ளையைக் கை தானாக இழுக்குமே, அப்படி வந்தது. செல்வி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கையிலிருந்த பார்சலை இறுக்கிக் கட்டினாள், லஞ்ச் ஷீட் கிழிந்து சோறு மேசையில் கொட்டும் அளவுக்கு. மிஸ் அந்தச் சோற்றைப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று மாலை உன்னை வரச்சொன்னேன். நீ வந்து, சுவரில் சாய்ந்துகொண்டு, யாருக்கோ கடிதம் வாசிப்பதுபோலச் சொன்னாய். கணேசன் சமைப்பது அவருடைய ஸ்டோருக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டிலில். அதைக் காட்டினால் தேறியது என்று எந்தக் குழுவும் சொல்லாது. அவரைத் தள்ளிவிட்டுத் திரும்ப விலை கேட்டால் மாதக்கணக்கில் இழுபடும், அதுவரை பிள்ளைகளுக்குச் சாப்பாடே இல்லை. சேர்தான் உன்னைக் கூப்பிட்டு, எங்கேயாவது ஒரு நல்ல குசினியைப் பார் என்றார். உனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. முடியாது என்று சொல்ல நீ யார்?

"நான் சின்ன ஆளும்மா. சொன்னதச் செஞ்சேன்."

"அந்தச் சோத்த நீ பாத்தியா?"

"தோட்டத்துல எதக் குடுத்தாலும் ஏதாச்சும் சொல்லிக்கிட்டேதாம்மா இருப்பாங்க."

இதைச் சொன்னது நீ. கணேசன் சொல்லியிருந்தால் எனக்கு ஆச்சரியமே இல்லை. கங்காணி சொன்னது அது, துரைமார் சொன்னது அது, எங்களுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க நாலு தடவை அலைய வைத்த ஒவ்வொரு கிளார்க்கும் சொன்னது அது. அவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து சொன்னார்கள். நீயும் அந்தப் பக்கம் போனதும் அதே வாயோடு சொல்கிறாய். தர்ஷினி உன் தாய்மாமன் மகள். அவள் பிறந்தபோது மண்சரிந்த ரோட்டில் பஸ் மாறி மாறிப் போய் அவளை மடியில் வைத்துப் பார்த்தவன் நீ. அவள் வயிற்றுக்குள் போன சோற்றுக்கு வழி திறந்துவிட்டவனும் நீ.

எனக்கு இன்னொன்றும் விளங்கவில்லை. நான் விலை போடக் கேட்டபோது தேறாத குசினி, கணேசனுக்கு என்றதும் எப்படித் தேறியது? ஒரு மேசனும் கொஞ்சம் பெயிண்டும்தான் குறை என்றால் அதை எனக்காக ஏன் செய்யவில்லை? விதி என்றாய். விதியை எழுதுகிற இடத்தில்தானே நீ இருக்கிறாய். ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஆள் என்று பிரித்துக் கேட்கலாம் என்று அந்த அறையில் ஒரு நாளாவது நீ வாய் திறந்தாயா? அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து லயத்திலேயே சமைக்கத் தெரிந்த தாய்மார் இருக்கிறார்கள், சோறு சூட்டோடு நடந்து போய்ச் சேரும். பெட்டிக்கு இரண்டு பூட்டு என்று எவ்வளவு பெருமையாகச் சொன்னாய். பெட்டியைப் பூட்டிவிட்டு நீங்கள் எல்லோரும் பக்கத்துக் கதவால் போய்வருகிறீர்கள். அந்தப் பூட்டு எங்களுக்கு மட்டும்தான். செல்விக்கும் எனக்கும் பாக்கியத்துக்கும்.

நீ வேலையில் புதியவன் என்பதால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். உன்னை நல்ல பையன் என்று சேர் தோளில் தட்டுகிறார். நீ நல்ல பையன் என்பதால் அல்ல. உனக்கு ஒரு அம்மா இருக்கிறாள், அவளுக்கு ஒரு குசினி இருக்கிறது, அவள் மகன் சொன்னால் கேள்வி கேட்காமல் சமைப்பாள் என்பதால். நாளைக்கு இது வெடித்தால், பையன்தான் எங்களை அங்கே கூட்டிப்போனான், நாங்கள் நம்பினோம் என்று அவர் சொல்வார். படத்தில் நிற்பது உன் வீடு, உன் அம்மா. அவர் சாப்பிட்டார், கையைக் கழுவினார், போனார். சின்ன ஆள் என்று நீ உன்னைச் சொல்லிக்கொள்கிறாய். சின்ன ஆட்களை வைத்துத்தான் இதையெல்லாம் செய்கிறார்கள், அகப்பட்டால் போகிறவனும் சின்ன ஆளாக இருக்க வேண்டும் என்று. உன் அப்பாவும் சின்ன ஆள்தான். மேற்பார்வையாளரின் வீட்டு முற்றத்தைக் கூட்டச் சொன்னபோது, நான் நகரசபைக்குத்தான் கூட்டுகிறேன் என்று சொல்லி, பிறகு வருடக்கணக்கில் மீன் சந்தைச் சாக்கடைக் கானைச் சுத்தம் செய்யப் போடப்பட்டவர். வீட்டுக்கு வரும்போது நாறிக்கொண்டு வருவார். நீ மூக்கைப் பொத்திக்கொள்வாய். அவர் சிரிப்பார்.

இப்போது விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கணேசனிடம் சமையல் வேலை செய்கிற பெண் என்று போட்டு எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. என் வீட்டில், என் அடுப்பில், நான் அவனுக்குக் கூலி. செல்வியையும் வரச்சொல்லியிருக்கிறார்கள். அவள் உண்மையைத்தான் சொல்லப்போகிறாள், என்னிடம் நேராகவே சொல்லிவிட்டாள், அவளிடம் மாற்றிச் சொல் என்று கேட்க எனக்கு முகமில்லை. நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். கேட்கிறதுக்கெல்லாம் ஆமாம் என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதை சேர் பார்த்துக்கொள்வார் என்று எழுதியிருக்கிறாய். மிஸ்ஸிடம் ஒருமுறை ஆமாம் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகும் கணேசனின் லொறி அதே புளித்த சோற்றோடு மலையேறிக்கொண்டிருக்கிறது. நான் மறுபடியும் ஆமாம் சொன்னால் அது வருடம் முழுவதும் ஏறும். இல்லை என்று சொன்னால் உன் வேலை போகும், கல்யாணமும் நிற்கலாம். என்னை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது சேர் இல்லை, கணேசன் இல்லை. நீ.

நேற்று உன்னைப் போனில் பிடித்தேன். நான் போவதற்கு முன்பு நீயே அந்த மிஸ்ஸிடம் போ என்றேன். யார் சொன்னார்கள், யார் வந்தார்கள், யார் யாருடைய வாசலில் நின்றார்கள் என்று ஒன்று விடாமல் சொல் என்றேன். நீயாகச் சொன்னால் நீ ஒருவன் மட்டும் அகப்படமாட்டாய், என் வாயாலும் உன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டி வராது என்றேன். உன் பக்கத்தில் யாரோ தாள் அடுக்குகிற சத்தம் கேட்டது. பிறகு, கல்யாணக் கார்டு அச்சுக்குப் போக வேண்டும், தாய்மாமாவின் பெயரை அப்பா பெயருக்குக் கீழே போடவா, பக்கத்தில் போடவா என்று கேட்டாய்.

நான் உன்னிடம் கேட்டது கார்டைப் பற்றி இல்லை. திரும்பக் கேட்கிறேன், இந்தத் தடவை எல்லோருக்கும் முன்னால் கேட்கிறேன். எனக்கு முன்னால் அந்தக் கந்தோர்ப் படியேறி, நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் போனது என் அம்மாவின் வீட்டில் என்று உன் வாயால் சொல். சொல்வாயா?